சோமாலியாவில் உதவிப் பணி: புதிதாகப் போகிறவர்களுக்கு

சோமாலியாவுக்கு வேலை உத்தரவு கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடிப் படிப்பது பாதுகாப்பைப் பற்றித்தான். படிக்கட்டும், தப்பில்லை. ஆனால் குண்டு துளைக்காத அங்கியை எப்படிப் போடுவது, வாகனத்தில் எங்கே உட்காருவது என்பதையெல்லாம் உங்கள் நிறுவனமே பயிற்சி வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தராத விஷயம் வேறொன்று இருக்கிறது. ஒரு மூட்டை சோளமோ, ஒரு டாலரோ, ஒரு கையெழுத்தோ கிளம்பிய இடத்திலிருந்து சேர வேண்டிய இடத்துக்குப் போகும்வரை யார் யார் கையைக் கடக்கிறது, ஒவ்வொரு கையும் எதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அது. மருத்துவராகப் போனாலும் சரி, கணக்காளராகப் போனாலும் சரி, தூதரக அதிகாரியாகப் போனாலும் சரி, அங்கே உங்கள் வேலையில் பாதி அதைக் கண்டுபிடிப்பதில்தான் போகும். கீழே உள்ளதைப் போவதற்கு முன் ஒருமுறையும், போய் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் படியுங்கள்.

வரைபடத்தில் நீங்களே கோடு போடுங்கள்

1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாட் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் நாடு முழுவதையும் ஆளும் ஒரே அரசு என்று இன்றுவரை எதுவும் வரவில்லை. வடமேற்கில் சோமாலிலாந்து 1991 மே 18 அன்று தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. தனி நாணயம், தனி விசா, தனித் தேர்தல் எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் பெரும்பாலான நாடுகள் அதை ஏற்கவில்லை. 1998-இல் வடகிழக்கில் புன்ட்லாந்து தன்னாட்சி மாநிலமாகத் தன்னை அறிவித்தது. 2012-இல் தற்காலிக அரசியலமைப்பு வந்து கூட்டாட்சி அமைந்தபின் ஜூபாலாந்து, தென்மேற்கு, கல்முதுக், ஹிர்ஷபெல்லே ஆகிய மாநிலங்கள் ஒவ்வொன்றாக உருவாயின. இவற்றுக்கு நடுவே, தெற்கிலும் நடுப்பகுதியிலும் கிராமப்புறங்களில் பெரும் பகுதி அல் ஷபாப் என்ற இஸ்லாமிய ஆயுதக் குழுவின் பிடியில் இருக்கிறது.

ஒரு வெற்று வரைபடத்தை அச்செடுத்து, நீங்கள் வேலை செய்யப்போகும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்? ஊருக்குள் துப்பாக்கி வைத்திருப்பது யார்? ஊருக்கு வெளியே சாலை யார் கையில் இருக்கிறது? மூன்றுக்கும் ஒரே பதில் வருகிற இடங்கள் குறைவு. பைடோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் தருவது தென்மேற்கு மாநில அரசு. ஊரைக் காப்பதில் எத்தியோப்பியப் படைக்குப் பல ஆண்டுகளாகப் பங்கு உண்டு. தலைநகர் மொகடிஷுவுக்குப் போகும் சாலையில் சுங்கம் வசூலிப்பது அல் ஷபாப். அதனால்தான் வியாபாரிகளின் லாரிகள் தரைவழியாகப் போகும்போது, நீங்கள் விமானத்தில் போகிறீர்கள். பக்கோல் பகுதியில் உள்ள ஹுதூர் இன்னும் மோசம்: ஆண்டுக்கணக்காக அல் ஷபாப் முற்றுகையில் இருந்த ஊர் அது, உணவே விமானத்திலும், இரவில் திருட்டுத்தனமாகக் கழுதை வண்டியிலும்தான் வந்து சேர்ந்தது. லாஸ் அனோட் நகரமோ 2023-இல் நடந்த சண்டைக்குப் பிறகு சோமாலிலாந்தின் கையை விட்டுப் போய்விட்டது. பழைய வரைபடத்தை நம்பிப் போகிறவர்கள் தவறான அலுவலகத்தில் போய் நிற்பார்கள்.

கடிதம் என்று சொன்னதால் இன்னொன்று. மொகடிஷுவில் அமைச்சர் கையெழுத்திட்டுவிட்டார், இனிக் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். அரசியலமைப்புத் திருத்தங்களை எதிர்த்து 2024 மார்ச் இறுதியில் புன்ட்லாந்து, கூட்டாட்சி அரசை இனி ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜூபாலாந்தும் உறவை முறித்துக்கொண்டது. அப்படிப்பட்ட சமயத்தில் மொகடிஷு முத்திரையோடு புன்ட்லாந்தின் கரோவேக்கோ ஜூபாலாந்தின் கிஸ்மாயோவுக்கோ போனால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரி. சோமாலிலாந்துத் தலைநகர் ஹர்கெய்சாவுக்கு எழுதும் கடிதத்தின் முகவரியில் ‘சோமாலியா’ என்று போட்டால் கடிதம் திரும்பி வரும். மொகடிஷுவுக்கு எழுதும் கடிதத்தில் ‘சோமாலிலாந்துக் குடியரசு’ என்று போட்டால் அங்கிருந்து ஒரு கோபமான தொலைபேசி அழைப்பு வரும். இரண்டு வார்ப்புருக்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவது பல நேரங்களில் போதும்.

குலத்தைப் பற்றி எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

2000-ஆம் ஆண்டு ஜிபூட்டியில் உள்ள ஆர்டாவில் நடந்த மாநாட்டிலிருந்து ‘4.5’ என்ற பங்கீடு நடைமுறையில் இருக்கிறது. தாரூத், ஹாவியே, திர், ரஹன்வெய்ன் ஆகிய நான்கு பெரும் குலங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. மீதி எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து அரைப் பங்கு. நாடாளுமன்ற இடங்கள் இப்படித்தான் பிரிக்கப்படுகின்றன. இது அரசியல் சங்கதி, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. உங்கள் வாடகைக் கட்டடம், வாகன ஒப்பந்தம், பாதுகாவலர்கள், தண்ணீர் லாரி, முகாம் பட்டியல் எல்லாவற்றுக்குள்ளும் இந்தக் கணக்கு ஓடும்.

நேருக்கு நேர் ஒருவரிடம் ‘நீங்கள் எந்தக் குலம்?’ என்று வெளிநாட்டவர் கேட்பது நாகரிகமில்லை. ஆனால் தெரியாமல் இருப்பது அதைவிட ஆபத்து. வழி இதுதான்: அலுவலகத்தில் வெவ்வேறு பின்னணியைச் சேர்ந்த மூன்று பேரிடம் தனித்தனியாக, ‘இந்த ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுத்தால் யார் வருத்தப்படுவார்கள்?’ என்று கேளுங்கள். குலப் பெயரே வராமல் பதில் வந்துவிடும். மூவரும் ஒரே பதில் சொன்னால் அலுவலகமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஆள் எடுக்கும் முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யார் சாகிறார்கள் என்பதிலும் இது தெரியும். 2011 பஞ்சத்தில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ரஹன்வெய்ன் குலத்தினரும், ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் விவசாயம் செய்யும் சோமாலி பான்டு மக்களும்தான். வெளிநாட்டில் உறவினர் இருந்த குடும்பங்களுக்குப் பணம் வந்தது. நகரத்தில் செல்வாக்குள்ள உறவு இருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. ரஹன்வெய்ன், பான்டு மக்களுக்கு இரண்டுமே குறைவு. ஆகவே ஒரு முகாமின் பயனாளிப் பட்டியலில் பான்டு மக்கள் அதிகம் வசிக்கும் பகுதியிலிருந்து யாருமே இல்லையென்றால், ‘அங்கே தேவை இல்லை போலிருக்கிறது’ என்று முடிவுகட்டாதீர்கள்.

மொழியிலும் இதே கதை. ரஹன்வெய்ன் மக்கள் பேசுவது பெரும்பாலும் மாய். வானொலியிலும் அலுவலகங்களிலும் புழங்குவது மஹாதிரி. இரண்டும் சோமாலிதான் என்றாலும் ஒன்றைப் பேசுகிறவருக்கு மற்றது சட்டென்று புரியாது. புகார் சொல்லும் தொலைபேசி எண்ணில் மஹாதிரி பேசுகிறவர்களை மட்டும் உட்காரவைத்துவிட்டு, ‘பைடோவாவிலிருந்து புகாரே இல்லை’ என்று அறிக்கை எழுதுவது வேடிக்கையாக இருக்கும், அதன் விளைவு இவ்வளவு கொடுமையாக இல்லாவிட்டால்.

மழைக் காலண்டர் மேசையில் இருக்கட்டும்

ஏப்ரல் முதல் ஜூன் வரை கூ மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெய்ர் மழை. தெய்ருக்குப் பின், ஜனவரி முதல் மார்ச் வரை வரும் ஜிலால்தான் கடும் வறட்சிக் காலம். இந்த இரண்டு மழைகளும் அடுத்தடுத்துப் பொய்த்தால் கால்நடை சாகும். அதற்குப் பின் மக்கள் நடக்கத் தொடங்குவார்கள். நிதி கேட்டு எழுதி, ஒப்புதல் வாங்கி, பொருள் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மழை பொய்த்த மாதமே எழுதியாக வேண்டும்.

பஞ்சம் என்று அறிவிப்பதற்கு அளவுகோல் உண்டு: ஐந்தில் ஒரு குடும்பம் உணவே இல்லாத நிலை, 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவர் சாவு. அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு 2011 நல்ல பாடம். 2010 இறுதியிலிருந்தே எச்சரிக்கைகள் வந்தன. ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர் என்றும், அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்றும் பின்னர் மதிப்பிட்டார்கள்; அதில் ஏறக்குறைய பாதிச் சாவுகள் அறிவிப்புக்கு முன்பே நடந்துவிட்டன. 2022-இல் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை, ஆனாலும் அந்த ஆண்டு வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் ‘பஞ்சம்’ என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பணம் போகும் வழி

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். சோமாலியாவில் பெரும்பாலான உதவி இன்று பணமாகத்தான் போகிறது, அதுவும் கைப்பேசி வழியாக. தெற்கில் ஹோர்மூத் நிறுவனத்தின் ஈவிசி ப்ளஸ், சோமாலிலாந்தில் டெலிசோமின் ஸாத். சாதாரண பட்டன் போனில் சில எண்களை அழுத்தினால் டாலர் கைமாறிவிடும். தேநீர்க் கடையிலிருந்து கழுதை வண்டித் தண்ணீர்வரை இப்படித்தான் விற்பனை. வெளிநாட்டிலிருந்து பணம் வருவது ஹவாலா நிறுவனங்கள் மூலம். புலம்பெயர்ந்த சோமாலிகள் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2001 நவம்பரில் அமெரிக்கா அல் பரக்காத் ஹவாலாவை முடக்கியபோது எத்தனையோ குடும்பங்களின் மாதப் பணம் ஒரே நாளில் நின்றுபோனது. நாட்டின் உண்மையான உதவி நிறுவனம் அந்த உறவினர்கள்தான் என்று சொன்னால் மிகையாகாது.

பணம் நேராகப் பயனாளியின் போனுக்குப் போகிறதே, இடையில் யார் எடுக்க முடியும் என்று தோன்றும். அங்கேதான் முகாம் ‘வாசல்காரர்கள்’ வருகிறார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருக்கின்றன. நிலச் சொந்தக்காரருக்கும் மக்களுக்கும் நடுவே ஒருவர் முகாமை நடத்துகிறார். இடம் பிடித்துத் தருவது, தண்ணீருக்குப் பேசுவது, அலுவலர்கள் வந்தால் சுற்றிக் காட்டுவது எல்லாம் அவர்தான். அதற்குக் கூலியாக, வந்த உதவியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார். சிலர் நியாயமாக எடுக்கிறார்கள், சிலர் பாதிக்கு மேல் பிடுங்குகிறார்கள். அவரை விலக்கிவிடலாம் என்று திட்டம் போடுவது எளிது; விலக்கியபின் அந்த முகாம் மக்களுக்கு இருக்க இடம் தருவது யார் என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு போடுங்கள். அவர் இருப்பதை ஒப்புக்கொண்டு, என்ன எடுக்கிறார் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் நடக்கக்கூடிய வேலை என்பது என் எண்ணம்.

அதை எப்படிச் செய்வது? சரிபார்க்கும் நாளில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கைப்பேசி எண்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களாக இருபது வந்தால், யாரோ ஒருவர் மொத்தமாக சிம் வாங்கியிருக்கிறார். அப்புறம் கூடாரத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம், அவருடைய போனை அவரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘பக்கத்துக் கூடாரத்தில் இருக்கிறது’, ‘மகன் எடுத்துப் போயிருக்கிறான்’ என்று ஒன்றிரண்டு பேர் சொல்வது இயல்பு. வரிசையாக எட்டுப் பேர் சொன்னால் சிம்கள் வாசல்காரரின் பையில் இருக்கின்றன. போன் இருந்தால், கடைசியாக வந்த பணத்தின் செய்தியைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த செய்தி என்ன என்று பாருங்கள். 70 டாலர் வந்த ஐந்தாவது நிமிடம் 30 டாலர் இன்னொரு எண்ணுக்குப் போயிருந்து, அதே எண் அடுத்த கூடாரத்திலும் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த இடத்தில் வைத்து வாயைத் திறக்காதீர்கள், எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். நீங்கள் கிளம்பியதும் அந்தப் பெண்ணிடம்தான் கணக்குக் கேட்பார்கள். எண்ணை மனதில் வைத்து, பல கூடாரங்கள் தாண்டி, வாகனத்தில் ஏறியபின் எழுதுங்கள். சில நாள் கழித்து மாலை நேரத்தில், மாய் தெரிந்த பெண் ஊழியர் ஒருவரை விட்டு, வெவ்வேறு முகாம்களுக்குக் கலந்து தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.

முகாமில் கழிப்பறையோ கிணறோ கட்டுவதற்கு முன் நில ஒப்பந்தத்தைக் கேளுங்கள்: எழுத்தில், எத்தனை ஆண்டு, யார் சாட்சி. 2017 டிசம்பர் இறுதியில் மொகடிஷுவின் புறநகரில் 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் புல்டோசர் வைத்து வெளியேற்றினார்கள். உதவி நிறுவனங்கள் கட்டிக் கொடுத்தவையும் சேர்ந்து தரைமட்டமாயின. வெற்று நிலத்துக்குத் தண்ணீரும் கழிப்பறையும் வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் சொந்தக்காரர் திரும்பி வருவார்.

இந்தத் திருட்டு முகாமோடு நிற்பதில்லை. 2010-இல் ஐ.நா. கண்காணிப்புக் குழு, உலக உணவுத் திட்டத்தின் உணவில் பாதிவரை ஒப்பந்தக்காரர்கள், உள்ளூர்க் கூட்டாளிகள், ஆயுதக் குழுக்கள் கைக்குப் போகிறது என்று குற்றம்சாட்டியது. 2023-இல் மீண்டும் அதே போன்ற கண்டுபிடிப்புகள் வந்து ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகமாக நிதியை நிறுத்தியது. நீங்கள் திருட்டைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதினால் சில மேலதிகாரிகளுக்கு முகம் சுருங்கும், நிதி நின்றுவிடுமோ என்று. அதனால் அறிக்கையோடு ‘நாங்கள் என்ன மாற்றிவிட்டோம்’ என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக

அல் ஷபாபை அமெரிக்கா 2008-இல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது, ஐ.நா. தடைப் பட்டியலில் 2010-இல் சேர்ந்தது. அதே 2010-இல், மனிதாபிமான உதவி சோமாலியாவில் தடையின்றிச் செல்ல ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1916-ஆம் எண் தீர்மானம் விலக்கு தந்தது. 2022 டிசம்பரில் வந்த 2664-ஆம் எண் தீர்மானம் ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகள் எல்லாவற்றுக்கும் அந்த விலக்கை விரித்தது. இதை வைத்து எல்லாம் செல்லும் என்று நினைக்க வேண்டாம். நன்கொடை நாட்டின் சொந்தச் சட்டமும், உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள பிரிவும் தனி. லாரி ஒப்பந்தக்காரர் தரும் பட்டியலில் ‘இதர செலவு’ என்று பெரிய தொகை இருந்தால் அது சாலைச் சுங்கமாக இருக்கலாம். கேள்வி கேளுங்கள், பதிலை எழுதி மேலே அனுப்புங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

மேசையைச் சுற்றி யார் யார்

தூதரகப் பக்கம் வேலை என்றால் பெரும்பாலான நாட்கள் ஹலானேயில் கழியும். மொகடிஷு விமான நிலையத்தை ஒட்டிய, சுவர்களும் மணல் தடுப்புகளும் சூழ்ந்த வளாகம் அது. தூதரகங்கள், ஐ.நா., ஆப்பிரிக்க ஒன்றியப் படை எல்லாம் அங்கேதான். 2022 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி ஹசன் ஷேக் மொஹமுதை அதிபராகத் தேர்ந்தெடுத்ததும் விமான நிலைய வளாகத்தில் ஒரு கொட்டகையில்தான். அங்கே உட்கார்ந்து நாட்டைப் பற்றி எழுதும்போது, நகரத்துக்குள் போகாமலே எழுதுகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும்.

ஒவ்வொருவரும் என்ன வேண்டி வந்திருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் அண்டை நாடுகள். இரண்டும் படை அனுப்பியவை. இரண்டுக்கும் எல்லையோரத்தில் தங்களுக்கு இணக்கமான நிர்வாகம் வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை 2007-இல் வந்தது, 2022-இல் பெயரும் பொறுப்பும் மாறியது, 2025 ஜனவரியில் மீண்டும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் யார் தருவது என்ற சண்டை உண்டு. துருக்கியின் கதை வேறு. 2011 பஞ்சத்தின்போது மற்றவர்கள் நைரோபியில் உட்கார்ந்து கூட்டம் போட்டுக்கொண்டிருக்க, அப்போது துருக்கிப் பிரதமராக இருந்த எர்டோகன் குடும்பத்தோடு மொகடிஷுவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே துருக்கி விமானம் வரத் தொடங்கியது. பின்னர் துறைமுகம், விமான நிலையம், ராணுவப் பயிற்சி முகாம் எல்லாம் வந்தன. சோமாலிகள் அதை மறக்கவில்லை. எத்தியோப்பியாவுக்குக் கடல் வழி தருவதாகச் சோமாலிலாந்து 2024 ஜனவரி 1 அன்று கையெழுத்திட்ட உடன்பாட்டால் எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் இடையே வெடித்த தகராறு, அந்த டிசம்பரில் துருக்கித் தலைநகர் அங்காராவில் தணிந்ததற்கும் அந்தச் செல்வாக்குதான் காரணம். ஐக்கிய அரபு அமீரகத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்தில் தொடங்குங்கள். ஐ.நா.வின் அரசியல் பணிக்குழு 2024 நவம்பரிலிருந்து மாறுதல் காலக் குழுவாகச் சுருங்கி, 2026 அக்டோபருக்குள் முடிக்கும் திட்டத்தில் இருக்கிறது, எனவே ஐ.நா. கூட்டத்தில் யாரிடம் எந்தப் பொறுப்பு என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள்.

1991-இலிருந்து சோமாலியாவுக்காக வெளிநாட்டு ஓட்டல்களில் பத்துக்கும் மேற்பட்ட சமாதான மாநாடுகள் நடந்திருக்கின்றன. கென்யாவின் எம்பகாதி மாநாடு மட்டும் 2002-இல் தொடங்கி இரண்டு ஆண்டு ஓடியது. அங்கே பிறந்த அரசு தலைநகருக்குள் காலூன்றவே சில ஆண்டுகள் ஆயின. 1993-இல் போராமா என்ற சிறு ஊரில் சோமாலிலாந்துப் பெரியவர்கள் கூடினார்கள். மாதக்கணக்கில் பேசினார்கள். செலவில் பெரும்பகுதி ஊர்க்காரர்களும் வியாபாரிகளும் போட்டது. அங்கே உருவான ஏற்பாடு இன்றைக்கும் நிற்கிறது. படிதொகை தரும் மாநாட்டில் முடிவு தள்ளிக்கொண்டே போகும். வீட்டு ஆட்டை வெட்டிச் சோறு போடுகிறவர்களுக்குத்தான் அவசரம் இருக்கும். ஒரு பேச்சுவார்த்தைக்கு நிதி கேட்டு உங்களிடம் திட்டம் வந்தால், உள்ளூர்க்காரர்கள் தங்கள் பங்காக என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள்; ஒன்றுமே இல்லையென்றால் தள்ளி வையுங்கள்.

கூட்டத்தில்

பெரியவர்களைச் சந்திக்கும்போது நலம் விசாரிப்பதை அவசரப்படுத்தாதீர்கள். மழை, கால்நடை, பயணம் என்று பேச்சு சுற்றி வரும். சர்க்கரை தூக்கலான தேநீர் வரும். உங்கள் தாளை எடுத்து வைப்பது அதற்குப் பிறகு. தொழுகை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், ரமலானில் மதியத்துக்கு மேல் எதையும் முடிக்க நினைக்காதீர்கள். பெண்களிடம் பேசப் பெண் ஊழியர் வேண்டும், தனி இடம் வேண்டும். ‘பார்க்கிறோம்’ என்று நீங்கள் சொன்னால் அது வாக்குறுதியாகப் போய்ச் சேரும். முடியாது என்றால் அங்கேயே முடியாது என்று சொல்லிவிடுவது மேல்.

நீங்கள் போக முடியாத இடத்துக்கு உங்கள் சோமாலி சக ஊழியர் போவார். காப்பீடு, வாகனம், பாதுகாப்பு அலைபேசி ஆகியவை அவருக்கு உங்களுக்கு உள்ள அளவில் இருக்கிறதா என்று முதல் வாரமே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். உதவிப் பணியில் கொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர் ஊழியர்கள்தான். பயனாளிப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கும் முடிவு உங்களுடையது என்றால், கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். ஊரில் குடும்பத்தோடு இருக்கிற அவர் பெயர் வேண்டாம்.

திட்டம் முடியும் தேதி தெரிந்த நாளே முகாமில் அதைச் சொல்லிவிடுங்கள். 2025-இல் அமெரிக்க நிதி திடீரென்று நின்றபோது ஊட்டச்சத்து மையங்கள் பல மூடப்பட்டன. தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். முகாம் குழுவிடமும், வானொலியில் மாய், மஹாதிரி இரண்டிலும், கைப்பேசிச் செய்தியிலும் சொல்லுங்கள். மூடிய மையத்தின் வாசலில் அடுத்த மையம் எங்கே, எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று சொல்ல ஒரு ஆளைக் குறைந்தது ஒரு மாதம் நிறுத்துங்கள். படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால் அறிவிப்புப் பலகை மட்டும் போதாது.